ரெண்டு வயசாச்சு, இன்னும் பேசலை: பெற்றோர் கேள்விகளுக்குப் பேச்சுப் பயிற்சியாளரின் பதில்கள்

மேடம், பையனுக்கு ரெண்டு முடிஞ்சது. பத்து வார்த்தைதான் வருது. அவங்கப்பாவும் மூணு வயசுலதான் பேசினாராம், பொறுத்திருன்னு அத்தை சொல்றாங்க.

பத்து என்று எப்படி எண்ணினீர்கள்? ‘மம்மு’, ‘ஜூஜூ’, நாயைப் பார்த்து ‘பௌ பௌ’ எல்லாமே சேர்த்தி; ஒரே பொருளுக்கு ஒரே ஒலியைத் தொடர்ந்து சொன்னால் அது சொல்தான். அப்படி எண்ணியும் இரண்டு வயதில் 50-க்குக் குறைவு, அல்லது ‘அம்மா வா’ போல இரண்டைச் சேர்க்கவில்லை என்றால், தாமதம் என்றே எடுத்துக்கொள்வோம். இப்படித் தாமதமாகும் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பள்ளி போகும் வயதுக்குள் எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். உங்கள் அத்தை சொல்வது அவர்களைப் பார்த்துத்தான். ஆனால் குடும்பத்தில் யாராவது தாமதமாகப் பேசியிருந்தால், அது காத்திருக்கக் காரணம் இல்லை, இன்னும் கவனிக்கத்தான் காரணம்.

நான் முதலில் பார்ப்பது வேறு. கையால் காட்டாமல் “செருப்பை எடுத்துட்டு வா” என்று சொன்னால் செய்கிறானா? காக்காவைக் கண்டால் விரல் நீட்டிக் காட்டி, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? இரண்டும் இருந்தால் கவலை பாதி குறையும். எதுவானாலும் காதைச் சோதியுங்கள். கதவுச் சத்தத்துக்குத் திரும்புகிறானே என்பார்கள். அடிக்கடி சளி பிடித்து நடுச்செவியில் நீர் கோத்திருந்தால் பெரிய சத்தம் கேட்கும், பேச்சொலி தெளிவாக விழாது.

எனக்கு ட்வின்ஸ், அக்கா. பொண்ணு வாயாடி, பையன் ‘ம்ம்’தான்.

பெண் குழந்தைகள் சராசரியாகக் கொஞ்சம் முந்துவார்கள். இரட்டையர் பொதுவாகவே கொஞ்சம் தாமதம். அதற்காகப் பெரிய இடைவெளியை இயல்புதான் என்று விட்டுவிட வேண்டாம். அவன் கேட்கும் முன்பே தங்கச்சி அவனுக்காகப் பேசிவிடுகிறாளா என்றும் பாருங்கள்.

பெங்களூர்ல இருக்கோம். வீட்ல தமிழ், வெளியே கன்னடம், டேகேர்ல இங்கிலீஷ். ஒரே மொழியா மாத்திடவா?

வேண்டாம். பல மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. மூன்றிலும் உள்ள சொற்களைக் கூட்டி எண்ணுங்கள். உங்களுக்குச் சரளமாக வரும் தமிழை விட்டு, தட்டுத் தடுமாறும் இங்கிலீஷில் பேசினால் குழந்தைக்கு நஷ்டம்தான்.

நாக்குல வசம்பு தடவலாமா?

அதனால் பேச்சு வரும் என்பதற்கு ஆதாரமில்லை. குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

ஃபோன்ல வர்ற ரைம்ஸ் முழுசா பாடுவான். தண்ணி வேணும்னா மட்டும் என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் ஃபிரிட்ஜ் மேல வைப்பான், முகத்தைப் பார்க்க மாட்டான். வயசு ரெண்டேகால்.

இதை வெறும் பேச்சுத் தாமதம் என்று விடமாட்டேன். பாட்டு ஒப்பிப்பது வேறு, கேட்டு வாங்குவது வேறு. ஆட்டிசத்துக்கான ‘எம்-சாட்’ கேள்விப் பட்டியல் 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். ஃபோனை நிறுத்துங்கள், ஆனால் எல்லாப் பழியையும் அதன் மேல் போடாதீர்கள். அது ஒன்றுதான் காரணம் என்று நினைத்தே ஆறு மாதம் போய்விடும்.

பேசிட்டிருந்தவ 18 மாசத்துல நிறுத்திட்டா.

வந்த சொல் போனால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. உடனே காட்டுங்கள்.

தெரபிக்கு காசு ரொம்ப ஆகுதே மேடம்?

தமிழ்நாடு என்றால் உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரியிலோ ‘டி.இ.ஐ.சி.’ (மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம்) எங்கே என்று கேளுங்கள், இலவசம். சென்னைப் பக்கம் இருந்தால் முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிப்மெட் (பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம்) இருக்கிறது. காது சோதனைச் சீட்டு ஏற்கெனவே இருந்தால் கையோடு கொண்டு போங்கள், அலைச்சல் மிச்சம்.