விளைநிலத்தில் மனை போடத் தடை: வீட்டு விலை ஏறுமா?

ஊரைச் சுற்றியுள்ள விளைநிலத்தில் மனை போடத் தடை வரப்போகிறது, இனி வீடு வாங்கவே முடியாதோ, எதிர்த்துக் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் நியாயமானதுதான். வீடு தேடுபவர்கள் கூடிக்கொண்டே போக, கட்டும் இடம் மட்டும் சுருங்கினால் விலை ஏறத்தான் செய்யும்.

ஆனால் வீடு கட்ட விடும் எல்லைக்கோட்டுக்கு உள்ளே என்ன விதி என்பதைப் பாருங்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1973லேயே விளைநிலத்தைக் காக்கச் சட்டம் போட்டு, நகரங்களுக்கு எல்லை வகுக்கச் சொன்னது. அடுத்த 20 ஆண்டுத் தேவைக்கான நிலம் எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பதும் அங்கே விதி. அப்படியும் விலை ஏறியது. எல்லைக்கோடு மட்டும் காரணமில்லை. உள்ளே பல தெருக்களில் ஒரு மனைக்கு ஒரு வீடுதான் கட்ட முடிந்தது. 2019இல்தான் பெரிய நகரங்களில் அதே மனையில் நான்கு வீடுவரை கட்ட வழிவிட்டுச் சட்டம் வந்தது.

அதனால் என்னைக் கேட்டால், தடையை எதிர்க்காதீர்கள். மேல்மண்ணை வழித்துக் கல் நட்ட வயலை மறுபடி விளைய வைப்பது லேசில்லை, அதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. எத்தனை மாடி அனுமதி, சும்மா கிடக்கும் மனைகளை என்ன செய்யப்போகிறார்கள், எல்லையை எப்போது மறுபரிசீலனை செய்வார்கள், இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். அப்புறம், தடைப் பேச்சைக் காட்டி அவசரப்படுத்தும் தரகரிடம் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.