மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு 'நமக்கு உதவுபவர்கள்' பாடத்தை விளையாட்டாகவே சொல்லித்தர முடியுமா?

தாராளமாக முடியும். அந்த வயதில் வேறு எப்படிச் சொன்னாலும் அவ்வளவாக ஏறாது. சார்ட்டைக் காட்டி "இவர் யார்?" என்றால் எல்லாரும் ஒரே குரலில் "டாக்டர்!" என்பார்கள். என்ன செய்வார்? "ஊசி போடுவார்!" அதோடு பாடம் முடிந்தது. மழலையர் வகுப்பு எடுப்பவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், வேஷத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். வெள்ளைக் கோட்டும் காக்கித் தொப்பியும் வாங்கி மாட்டிவிட்டால் குழந்தை ஒரு போட்டோவுக்கு நிற்கும், அவ்வளவுதான். விளையாட்டு ஓடுவதற்கு ஒரு பிரச்சினை வேண்டும். "கரடி பொம்மை படியிலிருந்து விழுந்துடுச்சு, கால் வலிக்குதாம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்து பாருங்கள். ஒருத்தி அம்மாவாகிக் கரடியைத் தூக்கி வருவாள், ஒருவன் டாக்டராவான், இன்னொருத்தி வாசலில் உட்கார்ந்து கிறுக்கிக் கிறுக்கிச் சீட்டு கொடுப்பாள். என் வகுப்பில் ஒரு டாக்டர் இப்படி விசாரித்தார்:

"எங்க வலிக்குது?"
"வயித்துல."
"நேத்து எங்க வலிச்சுது?"
"நேத்தும் வயித்துலதான்."
டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "சரி, செருப்பைக் கழட்டிட்டு மெஷின்ல ஏறு."

ஆஸ்பத்திரியில் எடை பார்ப்பதை அவன் கவனித்திருக்கிறான். எந்த சார்ட்டிலும் இது இல்லை. பார்க்காத வேலையைக் குழந்தைகளால் விளையாட முடியாது. அதனால் முன்கூட்டியே அந்த இடத்தைப் பற்றிப் பேசுங்கள். கட்டடத்தைப் பற்றி அல்ல. அங்கே யார் யார் இருக்கிறார்கள், யாரிடம் என்ன சொல்கிறார்கள் என்று.

எல்லாருக்கும் டாக்டர் வேஷம்தான் வேண்டும், சண்டை வரும். நோயாளி இல்லாமல் டாக்டருக்கு வேலையே இல்லை என்பது ஓரிரு தடவையில் அவர்களுக்கே புரிந்துவிடும். நீங்களே முதல் நோயாளியாகப் போய் நன்றாக முனகுங்கள். அடுத்த நாள் அந்த வேஷத்துக்கும் போட்டி வரும்.

பெரியவர்கள் பெரும்பாலும் விளையாட்டைக் கெடுப்பது இங்கேதான். நடுவில் புகுந்து "இது என்ன கலர்? எத்தனை கட்டு போட்டே?" என்று பரீட்சை வைப்பார்கள். உள்ளே போவதானால் ஒரு பாத்திரமாகப் போங்கள்: "டாக்டர், பாப்பா ராத்திரி பூரா இருமுறா." ஆட்டம் ஓடத் தொடங்கியதும் மெல்ல வெளியே வந்துவிடுங்கள். பாவனை விளையாட்டு சரியாக வராத குழந்தைகளுக்குப் பெரியவர்கள் கைகொடுத்தால் அது வளரும் என்று இஸ்ரேலிய ஆய்வாளர் சாரா ஸ்மிலான்ஸ்கி 1968-லேயே எழுதியிருக்கிறார்.

வேஷத்துக்கு இன்னொரு சக்தியும் உண்டு. 'ஆடாமல் நில்' என்றால் எந்தக் குழந்தை நிற்கும்? காவலாளியாக விளையாடும்போது நான்கைந்து வயதுக் குழந்தைகள் வழக்கத்தைவிட அதிக நேரம் அசையாமல் நின்றதை, சோவியத் ஆய்வாளர் மனுயிலென்கோ 1948-ல் பதிவு செய்தார். பொறுமையைப் போதிப்பதைவிடக் காவலாளி வேலை கொடுப்பது சுலபம்.

தீயணைப்பு வீரர் விளையாட்டை மட்டும் கொஞ்சம் யோசித்து நடத்துங்கள். தண்ணீர்க் குழாயும் மணியும் வேடிக்கைதான். ஆனால் நிஜமாகத் தீப்பிடித்தால் சின்னக் குழந்தைகள் பயந்து கட்டிலுக்கு அடியிலோ அலமாரிக்குள்ளோ ஒளிந்துகொள்வதுண்டு. முகமூடியும் 'புஸ் புஸ்' என்ற மூச்சுச் சத்தமுமாக வருகிறவரைக் கண்டால் இன்னும் உள்ளே போய்விடும். அதனால் காகிதக் கப்பில் எலாஸ்டிக் கட்டி முகமூடி செய்து, அவர்கள் கண்ணெதிரே மாட்டுங்கள், கழட்டுங்கள், மறுபடி மாட்டுங்கள். உள்ளே இருப்பது அதே ஆள்தான் என்று தெரியட்டும். அப்புறம் அவர்களுக்கும் மாட்டிவிடுங்கள். ஒரு போர்வையைப் புகையாக்கி அதற்கடியில் தவழ்ந்து வரச் சொல்லுங்கள். புகை மேலே ஏறும், தரையை ஒட்டித்தான் மூச்சுவிடக் காற்று கிடைக்கும். கூப்பிட்டால் ஒளியாமல் "இங்க இருக்கேன்!" என்று கத்த வேண்டும், அதுதான் ஆட்டத்தின் விதி.

போலீஸ் விஷயத்தில் வீட்டுப் பேச்சு குறுக்கே வரும். "சாப்பிடலைன்னா போலீஸ் பிடிச்சுட்டுப் போயிடும்" என்று கேட்டு வளர்ந்த குழந்தை, தொலைந்துபோனால் அவரிடம் எப்படிப் போகும்? திருடன்-போலீஸை விட்டுவிட்டு, தொலைந்த குழந்தை விளையாட்டை வையுங்கள். தன் பெயர், அம்மா அப்பா பெயர் சொன்னால் போலீஸ் வீட்டுக்குக் கூட்டிப்போவார்.

தபால்காரர் எளிது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு படம் கொடுத்து, அதே படம் உள்ள கடிதத்தை உரியவரிடம் சேர்க்கச் சொன்னால் போதும். தூய்மைப் பணியாளர் வேஷத்துக்கு யாரும் வரமாட்டேன் என்றால், வண்டி ஓட்டுவதும் குப்பையைத் தரம் பிரிப்பதும் அவர் வேலைதான் என்று அறிவித்துவிடுங்கள். ஸ்டீயரிங் கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

மூன்று வயதுக்கு நிஜம் போலவே இருக்கும் பொம்மை போன் வேண்டும். நான்கைத் தாண்டியவர்களுக்கு ஒரு மரக்கட்டையே போனாகிவிடும், அதனால் அதிகம் வாங்கிக் குவிக்காதீர்கள். அட்டைப்பெட்டி, பழைய துணி, காகிதம், பென்சில் போதும். விளையாட ஒதுக்கிய மூலையை நாளுக்கு ஒன்றாக மாற்றவும் வேண்டாம். முதல் சில நாள் எல்லாரும் கட்டு மட்டும்தான் போட்டுக்கொண்டிருப்பார்கள், கதை அதற்குப் பிறகுதான் வரும்.

டாக்டர் பெட்டியில் நிஜ மாத்திரை அட்டை, காலியானதாக இருந்தாலும், வேண்டாம். விளையாட்டில் வாயில் போட்டுப் பழகிய கை வீட்டில் நிஜ மாத்திரையையும் எடுக்கும். அதற்குப் பதிலாகப் பட்டன், பாசிமணி வைத்தால் குழந்தை விழுங்கிவிடும். காகிதத்தில் மாத்திரையை அவர்களையே வரையச் சொல்லுங்கள், அதையே டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும்.