நானே அனுப்பிய படம்தான். புகார் கொடுத்தால் என் மீதே வழக்கு வருமா?

கேள்வி: எனக்கு 21 வயது. நான்கு வருடம் ஒருவரோடு பழகினேன். அந்த நம்பிக்கையில் என் அந்தரங்கப் படங்கள் சிலவற்றை நானே எடுத்து அவருக்கு அனுப்பினேன். இப்போது பிரிந்துவிட்டோம். திரும்பப் பேசவில்லை என்றால் வீட்டுக்கும் கல்லூரிக்கும் அனுப்புவேன் என்கிறார். ஒரு படம் டெலிகிராம் குழுவில் வந்துவிட்டதாகத் தோழி சொல்கிறாள். போலீஸுக்குப் போனால் ஆபாசப் படம் அனுப்பியதாக என் மீதே வழக்கு வருமா? இன்ஸ்டாகிராமில் அறிமுகமான ‘எத்திகல் ஹேக்கர்’ ஒருவர் 35,000 ரூபாய்க்கு எல்லா இடத்திலும் அழித்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? — பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்

பதில்: கொடுக்காதீர்கள். ஒரு ரூபாய்கூட வேண்டாம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்களைத் தூங்கவிடாத கேள்விக்கு வருவோம்.

நீங்கள் குற்றவாளி அல்ல. ஆனாலும் உங்கள் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆவது பிரிவு, ஆபாசமானதை மின்னணு வழியில் வெளியிடுவதையும் அனுப்புவதையும் தண்டிக்கிறது. அது யாருடைய உடல், யார் சம்மதித்தார், யார் சம்மதிக்கவில்லை என்று அந்தப் பிரிவு கேட்பதே இல்லை. பார்க்கிறவர் மனம் கெடுமா என்பதுதான் அதன் கவலை. படத்தில் இருக்கும் பெண்ணின் உரிமை அதன் கண்ணில் படவில்லை. இந்தப் பிரிவைக் காட்டித்தான் “நீயும்தானேம்மா அனுப்பியிருக்கே, உன் மேலயும் கேஸ் வரும்” என்று சில நிலையங்களில் பெண்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். மயங்கிவிடாதீர்கள்.

உங்களுக்கான பிரிவுகள் வேறு. அதே சட்டத்தின் 66இ (66E), ஒருவரின் அந்தரங்க உறுப்புகளின் படத்தை அவர் சம்மதமில்லாமல் எடுப்பதையும் வெளியிடுவதையும் அனுப்புவதையும் குற்றமாக்குகிறது. 3 ஆண்டு வரை சிறை. அதைவிட உங்களுக்கு நேராகப் பொருந்துவது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவு. பழைய தண்டனைச் சட்டத்தில் 2013இல் 354சி என்று சேர்த்தது இதுதான். அதன் இரண்டாம் விளக்கத்தைத் தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: படம் எடுக்கச் சம்மதித்த பெண், அதை மூன்றாம் நபருக்குக் காட்டச் சம்மதிக்கவில்லை என்றால், அப்படிப் பரப்புவது குற்றம். முதல் முறை 1 முதல் 3 ஆண்டு வரை சிறை. மேற்கு வங்கத்தில் பழகிய காலத்துப் படங்களை ஆபாசத் தளத்தில் ஏற்றியவருக்கு 2018இல் 5 ஆண்டு சிறை கிடைத்தது. நீ ஏன் கொடுத்தாய் என்பது அவரைக் காப்பாற்றவில்லை.

அதனால் புகாரை எழுதும்போது ‘ஆபாசப் படம்’ என்று தொடங்காதீர்கள். “என் சம்மதமில்லாமல் என் அந்தரங்கப் படத்தைப் பரப்பினார், மேலும் பரப்புவதாக மிரட்டுகிறார்” என்று தொடங்குங்கள். 67, பாலியல் செயலைக் காட்டும் படங்களுக்கான 67ஏ ஆகிய பிரிவுகளை அவர் மீது போலீஸே சேர்த்துக்கொள்ளும். அப்புறம், ‘எனக்குத் தெரியாமல் எடுத்துவிட்டார்’ என்று மாற்றிச் சொல்லச் சிலர் யோசனை தருவார்கள். தயவுசெய்து வேண்டாம். போன்கள் தடயவியல் ஆய்வுக்குப் போனால் நீங்கள் அனுப்பிய செய்தி வெளியே வரும். உண்மையைச் சொன்னால் 77 உங்கள் பக்கம் நிற்கும். பொய் சொன்னால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேறு எதுவுமே தேவைப்படாது.

மிரட்டலும் தனிக் குற்றம்தான். அதே நியாய சன்ஹிதாவில், பெயரைக் கெடுப்பேன் என்று மிரட்டுவது 351ஆவது பிரிவு. பணம் கேட்டிருந்தால் 308. பாலியல் இணக்கம் கேட்டிருந்தால் 75. படம் ஊர் முழுக்கப் பரவட்டும், பிறகு வருகிறேன் என்று காத்திருக்கத் தேவையில்லை.

இப்போது அந்த ஹேக்கரிடம் வருகிறேன். இணையம் முழுவதிலிருந்தும் ஒரு படத்தை அழிக்கும் சக்தி எந்தத் தனிமனிதருக்கும் கிடையாது. நிறுவனங்களே தங்கள் தளத்தில் இருப்பதைத்தான் எடுக்க முடியும். இவர்கள் செய்வது என்ன? ‘எந்தப் படம் என்று அடையாளம் தெரிய வேண்டும்’ என்று அசல் படங்களைக் கேட்பார்கள். அவை கைக்கு வந்ததும் உங்களை மிரட்ட இரண்டாவது ஆள் தயார். முன்பணம் வாங்குவார்கள், பாதி அழிந்துவிட்டது என்று ஒரு போலி ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார்கள், மீதிக்கு இன்னொரு தொகை கேட்பார்கள். உங்கள் முன்னாள் நண்பரின் போனையே ஹேக் செய்து அழிக்கிறேன் என்று சிலர் சொல்வார்கள். அது நடந்தால் சட்டப்படி நீங்கள் ஹேக்கிங்குக்கு உடந்தை. இல்லாத வழக்கை நீங்களே விலை கொடுத்து வாங்கியதாகிவிடும்.

வேறு உருவங்களிலும் வருவார்கள். ‘எனக்கு எஸ்.பி. ஆபீஸில் ஆள் இருக்கிறார்’ என்று நிலைய வாசலில் நிற்பவர் ஒருவர். ‘மின்னணுச் சான்றிதழ் இல்லாமல் புகாரே எடுக்க மாட்டார்கள், 10,000 கொடுங்கள்’ என்பவர் இன்னொருவர். ஸ்கிரீன்ஷாட் போன்ற மின்னணு ஆதாரத்துக்கு உறுதி சொல்லும் அந்தச் சான்றிதழ் நீதிமன்றத்தில் சாட்சியம் வைக்கும் கட்டத்தில் வேண்டும். புகார் கொடுக்க அது தேவையே இல்லை. எல்லாரையும்விட ஆபத்தானவர் ‘இரண்டு குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசி முடிக்கிறேன்’ என்று வரும் சொந்தக்காரப் பெரியவர். அந்தப் பஞ்சாயத்தில் படம் நாலு பேர் கைமாறும், வெள்ளைத் தாளில் உங்களிடம் கையெழுத்து வாங்குவார்கள், சில வீடுகளில் அந்தப் பையனுக்கே கட்டிவைக்கவும் பேச்சு எழும். இதைப் பலமுறை பார்த்துப் பார்த்து மனம் கசந்துபோய்ச் சொல்கிறேன். அறைக்குள் இடைத்தரகர் நுழைந்துவிட்டால் அந்தப் பெண்ணின் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை.

படத்தை நீக்கக் காசு வேண்டாம். ஸ்டாப் என்சிஐஐ (StopNCII) என்ற இலவசச் சேவை 2021 முதல் இருக்கிறது. உங்கள் போனில் இருக்கும் படத்தைத் தேர்ந்தெடுத்தால், படம் போனைவிட்டு வெளியே போகாமலே அதற்கு ஓர் எண் அடையாளத்தை உருவாக்கி, பேஸ்புக், இன்ஸ்டாகிராம், ரெட்டிட் போன்ற தளங்களுக்குக் கொடுக்கும். அதே படம் அங்கே ஏறினால் பிடிபடும். தனிப்பட்ட வாட்ஸ்அப் அரட்டைக்குள் இது எட்டாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தேடலில் வந்தால் கூகுளில் அதற்கென்றே தனிப் படிவம் உண்டு.

டெலிகிராம் குழுவுக்கு வேறு வழி. தோழியிடம் குழுவின் பெயர், சுட்டி, நாள், நேரம் எல்லாம் தெரிகிறபடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பின் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு, 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின் 3(2)(பி) என்று குறிப்பிட்டு எழுதுங்கள். நிர்வாணமோ பாலியல் செயலோ உள்ள படத்தைப் பற்றி உரியவரோ அவர் சார்பில் ஒருவரோ எழுதினால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று அந்த விதி சொன்னது. பிறகு வந்த திருத்தங்கள் இந்தக் கெடுவை இறுக்கத்தான் செய்தன. பதில் திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம்.

இதைச் சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது. 2018இல் 827 ஆபாசத் தளங்களை முடக்க ஒரே உத்தரவில் முடிந்த அரசு இது. ‘கலாச்சாரம் கெடுகிறது’ என்றால் கதவு உடனே மூடும். தன் படம் கிடக்கிறது என்று கதறும் பெண்ணிடம் மட்டும் ‘எந்தெந்தச் சுட்டி, நீயே தேடிக் கொண்டு வா’ என்பார்கள். அவள் தினமும் ஆபாசத் தளங்களுக்குள் போய்த் தன்னையே தேட வேண்டுமா? ஒருமுறை நீக்கச் சொன்ன படத்துக்கு மீண்டும் மீண்டும் சுட்டி கேட்டு அலைக்கழிக்கக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி 2023 ஏப்ரலில் தேடுபொறிகளிடம் சொன்னார். 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் இளம் பெண் வழக்கறிஞரின் படங்களை 48 மணி நேரத்துக்குள் நீக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. வழக்கறிஞரான அவரே உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. கரூரில் இருக்கும் உங்களைப் போன்ற பெண் என்ன செய்வாள் என்று விதி எழுதுகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

நிலையத்துக்குப் போகத் தயங்குகிறீர்கள் என்றால் அதற்கும் நியாயம் இருக்கிறது. பொள்ளாச்சியில் 2019இல் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரைக் காவல்துறையே வெளியே சொன்னது, அரசாணையிலும் பெயர் வந்தது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் முதல் தகவல் அறிக்கை கசிந்தது. இரண்டிலும் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் வெளியே போன பெயர் போனதுதான். அதே பொள்ளாச்சி வழக்கில் 2025 மே மாதம் 9 பேருக்கும் சாகும் வரை சிறை விதித்தார்கள் என்பதையும் மறக்காதீர்கள். பெண்கள் முன்வந்து சாட்சி சொன்னதால்தான் அது நடந்தது.

போகும்போது மூன்றைக் கேட்டு வாங்குங்கள். 77ஆவது பிரிவுப் புகாரைப் பெண் காவல் அதிகாரிதான் பதிய வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்ட வழக்கை இன்ஸ்பெக்டர் அல்லது அதற்கு மேற்பட்டவர்தான் விசாரிக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையில் உங்கள் பெயரை மறைக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். எந்த நிலையத்திலும் கொடுக்கலாம், எல்லை கிடையாது. தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் பதியலாம். பெயர் சொல்லாமல் பதியும் வசதி அங்கே இருந்தாலும், வழக்கு நகர வேண்டும் என்றால் பெயரோடு பதிவதே நல்லது. மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் நகரவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் நீங்கள் 18 முடிந்தபின் எடுத்த படங்களுக்கு. இங்கேதான் நிறுத்தி யோசிக்கச் சொல்கிறேன். உங்களுக்கு 21, பழக்கம் நான்கு வருடம். அப்படியானால் முதல் படங்கள் 17 வயதில் எடுத்தவையாக இருக்கலாம். ஒரே ஒரு படம் அப்படி இருந்தாலும் வழக்கின் தன்மை மாறிவிடும். அது போக்சோ சட்டத்துக்கும், சிறார் ஆபாசப் படங்களுக்கான தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவுக்கும் போய்விடும். அங்கே சம்மதம் என்ற பேச்சே எடுபடாது. வைத்திருப்பவர் ‘பரப்பவில்லையே’ என்று தப்பிக்கவும் முடியாது. சிறார் ஆபாசப் படத்தைச் சும்மா பார்ப்பதும் வைத்திருப்பதும் குற்றமல்ல என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை, அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. உங்களுக்குச் சாதகம்தான். ஆனால் அந்தப் படத்தைத் தோழிக்கோ, வக்கீலுக்கோ, எனக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். உதவிக்கு என்று வாங்கியவரும் சிக்கலில் மாட்டுவார். போனிலேயே இருக்கட்டும், புகார் கொடுக்கும்போது அந்தப் போனைப் பெண் அதிகாரியிடம் காட்டுங்கள். ஸ்டாப் என்சிஐஐ இந்தப் படத்தை ஏற்காது. 18 வயதுக்கு முன் எடுத்தவற்றுக்கு ‘டேக் இட் டவுன்’ என்ற அமெரிக்க இலவசச் சேவை உண்டு, இப்போது வயது கூடியிருந்தாலும் பயன்படுத்தலாம். ஆகவே இன்றே ஒவ்வொரு படத்தின் தேதியையும் பார்த்து எழுதி வையுங்கள். தேதி தெரியவில்லை என்றால் எந்த வகுப்பில் படித்தபோது என்றாவது குறியுங்கள்.

ஹேக்கருக்குப் பதில் எழுத வேண்டாம். அவரது அரட்டை, யுபிஐ எண் இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புகாரோடு சேருங்கள். புகார் எழுத வக்கீல் வேண்டும் என்றால் கரூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் தர வேண்டும் என்பது சட்டம். நேரில் போகும் முன் 15100க்குப் பேசிவிட்டும் போகலாம்.