ஐந்து பேர், இரண்டு கிலோமீற்றர் கிரவல்: எந்தக் கார் எடுப்பது?

கேள்வி: நாங்கள் விசுவமடுவில் இருக்கிறோம். நான் ஆசிரியை, கணவர் வயல் செய்கிறார். இரண்டு பிள்ளைகள், எங்களோடு மாமி. மாமிக்கு முழங்கால் வருத்தம். மாதத்துக்கு ஒருமுறை யாழ்ப்பாணம் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போக ஹயர் பிடித்தே காசு போகிறது. வீடு மெயின் ரோட்டில் இருந்து இரண்டு கிலோமீற்றர் உள்ளே, கிரவல் ரோட்டு, மாரியில் தண்ணீர் பாயும் தாம்போதி ஒன்றும் உண்டு. சின்னக் கார் ஒன்று வாங்க யோசிக்கிறோம். கையில் உள்ளதும் லீசிங்கும் சேர்ந்தால் பத்து வருடம் ஓடிய கார்தான் கட்டுப்படியாகும். கணவருக்கு வேகன் ஆர் வேண்டும். கனடாவில் உள்ள அண்ணா ஹைபிரிட் அக்வா எடு என்கிறார். மச்சாள் அல்டோ 800 போதும் என்கிறா. புரோக்கர் காட்டுகிற கார்களில் புஷ் ஸ்டார்ட், ரிவேர்ஸ் கமரா, தொடுதிரை என்று எல்லாம் இருக்கிறது. எதைப் பார்ப்பது, எதை விடுவது?
- ஒரு வாசகி, விசுவமடு

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் ஆளுக்கொரு கார் இருக்கிறது. அவற்றைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம். போகிற போக்கில் நீங்கள் எழுதிய இரண்டு விசயங்கள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. வீட்டில் ஐந்து பேர், படலையில் இருந்து தார் ரோட்டுக்கு இரண்டு கிலோமீற்றர் கிரவல். உங்கள் காரை இந்த இரண்டும்தான் தீர்மானிக்க வேண்டும்.

முதலில் ஐந்து பேர். இங்கே ஓடுகிற வேகன் ஆர்களில் பெரும்பாலானவை ஜப்பானில் இருந்து வந்தவை. அங்கே அது 'கெய்' என்ற சின்னக் கார் வகுப்பில் சேரும். அந்த வகுப்புக்குச் சட்டப்படி எல்லை உண்டு: எஞ்சின் 660 சிசி, நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றர், ஆட்கள் நான்கு பேர். பின்சீட்டைப் பார்த்தால் இரண்டு பெல்ட்தான் இருக்கும். வாகனப் புத்தகத்திலும் இருக்கைகளின் எண்ணிக்கை எழுதியிருக்கும். நீங்கள் ஐந்து பேரும் ஏறினால் யாரோ ஒருவர் பெல்ட் இல்லாமல்தான் போக வேண்டும், அது பெரும்பாலும் உங்கள் சின்னப் பிள்ளையாகத்தான் இருக்கும். பிள்ளை இன்று மடியில் இருக்கலாம், இரண்டு வருடத்தில் அதற்கும் இடமிராது.

உங்கள் கணவர் அந்தக் காரில் ஆசைப்படுவதற்கு நியாயம் இருக்கிறது. சீட் உயரம், கதவு அகலம், மாமி போன்றவர்கள் குனியாமல் ஏறி இறங்கலாம். பெற்றோல் குறைவாகக் குடிக்கும், பாட்ஸ் எங்கும் கிடைக்கும். நான்கு பேர் உள்ள வீடாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள் என்றிருப்பேன். ஐந்து பேர் என்றபடியால் வேண்டாம் என்கிறேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1.65 மீற்றர் உயரமும் அவ்வளவு ஒடுக்கமுமான காரை சோளகக் காற்று அடிக்கிற நாட்களில் ஆனையிறவு வெளியால் ஓட்டும்போது, காற்று பக்கவாட்டில் தள்ளுவது ஸ்டியரிங்கில் நன்றாகத் தெரியும். பெரிய பஸ் ஒன்று எதிரே கடந்து போனால் இன்னும் தெரியும். கிளினிக்குக்கு நீங்கள் மாதா மாதம் போகிற பாதை அதுதான். இந்தியத் தயாரிப்பு வேகன் ஆர் 998 சிசி, ஐந்து இருக்கை. அப்படி ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் மட்டும் கணவரின் விருப்பத்தைத் திரும்ப யோசிக்கலாம்.

மச்சாள் சொல்லும் அல்டோ 800 சிக்கனமானது, ஊர்க் கராஜிலேயே திருத்தலாம், கிரவல் ரோட்டுக்கு அடியின் உயரமும் போதும். ஆனால் 2014இல் குளோபல் என்கப் அமைப்பு எயார் பாக் இல்லாத அல்டோ 800ஐ மோதிப் பார்த்தபோது பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. ஏ9 வீதியில் இரவில் லொறிகளோடு சேர்ந்து ஓட, ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, அந்தக் காரை என்னால் உங்களுக்குச் சொல்ல முடியாது.

இனி அண்ணா சொல்லும் அக்வா. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டில் இருந்து காசு போடுகிற சகோதரங்கள் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். அக்வா நல்ல கார். 1500 சிசி எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்து ஓடும், ஐந்து இருக்கை. லீற்றருக்கு 37 கிலோமீற்றர் என்று ஜப்பானில் போட்ட கணக்கு ஆய்வுகூடத்தில் ஓட்டிப் பார்த்தது. எங்கள் வெயிலில், ஏசி போட்டு, ஆட்களை ஏற்றி ஓடினால் 22 கிடைக்கும் என்று வைப்போம். ஹைபிரிட் இல்லாத ஆயிரம் சிசி கார் 15 ஓடட்டும். மாதம் 800 கிலோமீற்றர் ஓடுகிறீர்கள் என்றால் அக்வாவில் மிச்சப்படுவது 17 லீற்றர் அளவு. லீற்றர் 300 ரூபாய் என்று பிடித்தால் மாதம் 5,000 ரூபாய், வருடத்துக்கு 60,000. பத்து வருடம் ஓடிய ஹைபிரிட் பற்றரி இரண்டு மூன்று வருடத்தில் கைவிட்டால், மாற்றுவதற்குச் சில இலட்சம் போகும். அந்த மிச்சம் அதிலேயே கரைந்துவிடும். நாள் முழுக்க நகரத்துக்குள் நின்று நின்று ஓடுகிறவருக்குத்தான் ஹைபிரிட் உண்மையில் இலாபம். உங்கள் ஓட்டம் நீளப் பாதையில், ஒரே சீராக.

அதைவிடப் பெரிய காரணம் உங்கள் கிரவல் ரோட்டு. அக்வாவின் பெரிய பற்றரி பின்சீட்டுக்குக் கீழே இருக்கிறது. அது சூடாகாமல் இருக்க, காருக்குள் இருக்கிற காற்றைத்தான் ஒரு சின்ன விசிறி இழுத்துக் கொடுக்கும். காற்றுப் போகிற வாய் பின்சீட்டின் ஓரத்தில், கீழே, சல்லடை போல இருக்கும். ஆடி ஆவணியில் உங்கள் ரோட்டுச் செம்புழுதி கண்ணாடியைப் பூட்டினாலும் உள்ளே வரும். அந்தச் சல்லடையில் மாப்போலப் படிந்து விசிறி வரைக்கும் போகும். மேலே பிள்ளைகளின் பள்ளிப் பையையும் சாத்தி வைத்தால் காற்று இன்னும் குறையும், பற்றரி சூடாகும், ஆயுள் குறையும். அடிக்கடி அதைத் துப்புரவாக்குகிறவர்கள் அக்வாவை வருடக்கணக்கில் பிரச்சினை இல்லாமல் ஓடுகிறார்கள். ஆனால் உங்களிடம் வருமுன் பத்து வருடம் அதை யார் துப்புரவாக்கினார்கள் என்று யாருக்குத் தெரியும்? தாம்போதியில் தண்ணீர் பாய்கிற மாரி காலத்தையும் நினைத்துப் பாருங்கள். அக்வாவின் அடிக்கும் நிலத்துக்கும் இடைவெளி 140 மில்லிமீற்றர்தான். எந்தக் காரையும் ஓடுகிற தண்ணீருக்குள் விடக்கூடாது, ஹைபிரிட்டை அறவே கூடாது.

சரி, அப்போ எது? டொயோட்டாவின் ஹைபிரிட் இல்லாத ஆயிரம் சிசி பெற்றோல் விட்ஸ், அல்லது பாஸோ. இரண்டும் ஐந்து இருக்கை. இரண்டிலும் ஒரே 996 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். அதனால் மெக்கானிக்குக் கை பழகியிருக்கும், பாட்ஸுக்குக் கொழும்புக்கு ஆள் அனுப்பத் தேவையில்லை. நானாக இருந்தால் உங்கள் வீட்டுக்குப் பாஸோவை முதலில் தேடுவேன். அது விட்ஸைவிடக் கொஞ்சம் உயரம், மாமியின் முழங்காலுக்கு அந்த உயரமும் பெரிசு. அது நல்லதாக அகப்படாவிட்டால் 2014க்குப் பிந்திய விட்ஸ். ஆயிரம் சிசி ஐந்து பேரை இழுக்குமா என்று கணவர் கேட்பார். வன்னி மட்டமான தரை. தாராளமாக இழுக்கும். பரந்தனுக்கு வரும் வழியில் நெல் ஏற்றின உழவு இயந்திரத்தை முந்தும்போது மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

மின்சாரக் கார் பற்றி நீங்கள் கேட்கவில்லை, யாராவது சொல்வார்கள் என்பதால் ஒரு வார்த்தை. உங்கள் காசுக்கு அகப்படுவது பழைய நிசான் லீஃப்தான். அதன் பற்றரியைக் குளிர்விக்கத் தனி அமைப்பு இல்லை, வெயில் ஊரில் கொள்ளளவு வேகமாகக் குறையும். யாழ்ப்பாணம் போய்வர 150 கிலோமீற்றர். வேண்டாம்.

புரோக்கர் காட்டும் வசதிகளுக்கு வருவோம். எதைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். ஐந்து இருக்கைக்கும் தோளோடு வரும் பெல்ட் இருக்கிறதா, இழுத்தால் சட்டென்று பிடிக்கிறதா, அதை முதலில் பாருங்கள். அடுத்தது எயார் பாக். டக்காட்டா என்ற கம்பனி செய்த எயார் பாக்குகளில் வாயுவை உண்டாக்கும் மருந்து, சூடும் ஈரமும் உள்ள ஊர்களில் ஆண்டுக்கணக்கில் கெட்டுப்போய், விரியும்போது இரும்புத் துண்டுகளைச் சிதற வைத்து ஆட்களைக் கொன்றிருக்கிறது. உலகம் முழுவதும் கோடிக்கணக்கில் திருப்பி அழைத்து மாற்றினார்கள். எங்கள் ஊரும் சூடும் ஈரமும் உள்ள ஊர்தான். காரின் செசி இலக்கத்தைத் தயாரித்த கம்பனியின் ஜப்பான் இணையத்தளத்தில் போட்டால், திருத்த வேண்டியது பாக்கி இருக்கிறதா என்று தெரியும். புரோக்கரிடம் செசி இலக்கத்தைக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது முன்விளக்கு. இதை ஒருவரும் சொல்வதில்லை, எனக்கு இது பெரிய கவலை. பரந்தன் முல்லைத்தீவு வீதியில் இரவில் மாடுகள் தாரின் சூட்டுக்கு வந்து படுக்கும். பத்து வருட வெயிலில் மஞ்சளாகிப்போன விளக்குக் கண்ணாடியால் கறுத்த மாடு ஒன்று தெரிவதற்குள் நீங்கள் அதன் மேல் நிற்பீர்கள். பகலில் கார் பார்த்துவிட்டு வராமல், இருட்டின பிறகு ஒருக்கா ஓட்டிப் பாருங்கள். கண்ணாடியைத் தீட்டலாம், மாற்றலாம், அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். அப்புறம் ஏசி: மத்தியானம் ஒரு மணிக்கு ஐந்து பேரோடு. ரிவேர்ஸ் கமரா பிள்ளைகள் உள்ள வளவுக்கு நல்லதுதான், ஆனால் எந்தக் காருக்கும் பிறகு பூட்டலாம். புஷ் ஸ்டார்ட்டுக்கும் தொடுதிரைக்கும் ஒரு சதம்கூடக் கூடக் கொடுக்காதீர்கள்.

பத்து வருடக் காருக்கு ஏன் இவ்வளவு விலை என்று கணவர் நொந்துகொள்ளக்கூடும். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. கிட்டத்தட்ட ஐந்து வருடத்துக் கார்கள் நாட்டுக்குள் வரவே இல்லை. திறந்த பிறகும் வரி கடுமை. அதனால் பழையவற்றின் விலை பிடித்து நிற்கிறது. அவசரப்படுத்தி "இண்டைக்கு விட்டால் நாளைக்கு இல்லை" என்று புரோக்கர் சொன்னால் நம்ப வேண்டாம்.

காரைப் பார்க்கப் போகும்போது உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள், புரோக்கரின் ஆளை அல்ல. காலையில், எஞ்சின் குளிராக இருக்கும்போது போங்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க வெட்டிவிட்டு, முன்சில்லுக்குப் பின்னால் போன் வெளிச்சத்தை அடித்தால், மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை தெரியும். அது வெடித்து கிறீஸ் வெளியே தெறித்திருந்தால், அதற்குள் மணல் போய் அக்சில் தேய்ந்திருக்கும். மற்றப் பக்கமும் பாருங்கள். பிறகு வெள்ளம். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் நாட்டில் நிறைய வாகனங்கள் தண்ணீரில் நின்றன. அவற்றில் சில கழுவித் துடைத்து விற்பனைக்கு வரும். சீட் பெல்ட்டை அடி வரைக்கும் இழுத்துப் பாருங்கள். மேலே சுத்தமாக இருந்தாலும் சுருளுக்குள் இருந்த பகுதியில் சேற்றுக் கோடு நிற்கும். ஸ்பெயார் ரயர் வைக்கிற குழியையும் கிளப்பிப் பாருங்கள். ஜப்பான் ஏலத் தாள் இருந்தால் கேட்டு வாங்குங்கள். அதில் காரின் தரத்தைக் குறிக்கும் இடத்தில் ஆர் என்ற எழுத்து நின்றால் முன்பே அடிபட்டுத் திருத்திய கார்.

இந்தச் சோதனையில் கார் தேறினால், ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு உங்கள் கிரவல் ரோட்டால் படலை வரைக்கும் அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அடி எங்கே உரசுகிறது என்று காது சொல்லும். மாமி தானாக ஏறி, தானாக இறங்கிப் பார்க்கட்டும். விற்கிறவருக்கு விற்கும் எண்ணம் உண்மையாக இருந்தால் வருவார்.

பேப்பர் விசயத்தில் மட்டும் எந்த விட்டுக்கொடுப்பும் வேண்டாம். எங்கள் பக்கத்தில் ஓப்பின் பேப்பரில், அதாவது புத்தகத்தில் பெயர் மாற்றாமல், வாகனம் கைமாறுவது பழகிப்போய்விட்டது. புத்தகத்தில் உள்ள பெயர் ஒன்று, விற்கிறவர் வேறொருவர் என்றால் முற்பணம் கொடுக்காதீர்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், அந்தக் கடன் முடிந்த கடிதத்தைப் பார்த்த பிறகு பேசுங்கள். லீசிங் எடுக்கும்போது உங்கள் சம்பளத்தை மட்டும் வைத்து மாதக் கட்டணத்தைக் கணக்குப் பாருங்கள். வயல் வருமானத்தை அதில் சேர்க்க வேண்டாம், ஒரு போகம் வெள்ளத்தில் போனால் லீசிங்காரர் பொறுக்கமாட்டார். கையில் உள்ள காசு முழுவதையும் விலையில் போட்டுவிடாமல், நான்கு ரயர், ஒரு பற்றரி, கியர் ஒயில் உட்பட எல்லா ஒயிலும் மாற்றுகிற அளவுக்காவது ஒதுக்கி வையுங்கள். கியருக்கு கம்பனி சொன்ன ஒயிலைத் தவிர வேறெதையும் விட வேண்டாம் என்று சேர்விஸ் செய்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.