ஏழாம் மாதத்தில் மசக்கை திரும்பாது

கேள்வி: வட சென்னையில் வசிக்கிறோம். வளைகாப்பு முடிந்து மகளைத் தலைப்பிரசவத்துக்குக் கோவையிலிருந்து அழைத்து வந்து மூன்று வாரம் ஆகிறது. பத்து நாளாகக் குழாய்த் தண்ணீர் மஞ்சளாக, சாக்கடை நாற்றத்தோடு வருகிறது. எதிர்வீட்டுப் பையனுக்கும் பின்தெருவில் ஒருவருக்கும் மஞ்சள் காமாலை. டி.டி.எஸ். மீட்டர் 640 காட்டுகிறது. காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது. எனக்கு முடி கொட்டுகிறது. இந்தத் தண்ணீரால் சிறுநீரகக் கல்லும் புற்றுநோயும் வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். மகளுக்கு முன்கூட்டியே கீழாநெல்லி கொடுக்கலாமா, ஊருக்கே திருப்பி அனுப்பிவிடலாமா? இரண்டு நாளாக அவளுக்கு வாந்தி வேறு. மசக்கைதான் என்கிறார் என் மாமியார்.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது கடைசியில் எழுதிய அந்த வாந்திதான். மசக்கை பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் மாதத்தோடு அடங்கிவிடும். அடங்கிய வாந்தி ஏழாம் மாதத்தில் புதிதாகக் கிளம்பினால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கலாம். சாதாரண வயிற்றுக் கோளாறாகவும் இருக்கலாம். வீட்டில் உட்கார்ந்து இவற்றைப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. இதைப் படித்ததும் மகளை அழைத்துக்கொண்டு கிளம்புங்கள். அவள் பதிவு செய்திருக்கும் மருத்துவமனைக்கோ, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனைக்கோ போகலாம். தெருவில் காமாலை இருப்பதை மருத்துவரிடம் நீங்களாகவே முதலில் சொல்லுங்கள். ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், காமாலையைக் காட்டும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி, கல்லீரல் நொதிகள், ரத்தம் உறையும் நேரம் ஆகியவற்றைப் பார்த்துவிடுவார்கள்.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் ஹெபடைட்டிஸ் இ. சாக்கடை கலந்த குடிநீரால் பரவும் காமாலைகளில் இதுவும் ஒன்று. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். எதிர்வீட்டுப் பையன் தேறிவிடுவான். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வந்தால் கதை வேறு. அப்படி வந்தவர்களில் 100க்கு 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் மகளுக்கு அது வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. வந்திருந்தால் முதல் நாளிலேயே தெரிய வேண்டும் என்கிறேன். காமாலைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றே என்று இருந்துவிடாதீர்கள். வழக்கமாகப் போடுவது பி வகைக்கான ஊசி, அது இ வகையைத் தடுக்காது.

கண் மஞ்சளாகட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருப்பவர்கள்தான் அதிகம். கண்ணுக்கு முன்பே சிறுநீர் காட்டிவிடும். பசி செத்துப்போவது, தாளிக்கும் வாசனை பட்டாலே குமட்டுவது, காரணமில்லாத அசதி, அதைத் தொடர்ந்து தேநீர் டிகாஷன் நிறத்தில் சிறுநீர். போதிய தண்ணீர் குடித்தும் அந்த நிறம் மாறவில்லை என்றால் அன்றே பரிசோதனை. பகலெல்லாம் தூங்கி இரவில் விழித்திருக்கிறாள், பேச்சு குழறுகிறது, ஈறில் ரத்தம் கசிகிறது என்றால் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் 108ஐ அழையுங்கள்.

இன்றைய பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தாலும் கண்காணிப்பை விடாதீர்கள். கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரிய 2 முதல் 10 வாரம் ஆகும். எதிர்வீட்டுப் பையனுக்குக் காமாலை வந்திருக்கிறது என்றால், நாற்றம் உங்கள் மூக்குக்கு எட்டுவதற்கு முன்பே தண்ணீரில் கலப்பு தொடங்கியிருக்கக்கூடும். ஆகவே கோவைக்கு அனுப்புவதால் குடித்த தண்ணீர் குடிக்காததாகிவிடாது. பிரசவம் நெருங்கும் நேரத்தில் நீண்ட பயணமும் வேண்டாம். உங்கள் கண்ணெதிரே, மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். நீங்கள் அழைத்து வந்ததால்தான் இப்படி என்று மனத்தைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள்.

கீழாநெல்லி வேண்டாம். எந்த வடிவிலும் வேண்டாம். கர்ப்பிணிக்கு அது பாதுகாப்பானது என்பதற்குச் சான்று இல்லை, முன்கூட்டியே குடித்தால் காமாலை வராது என்பதற்கும் இல்லை. ஹெபடைட்டிஸ் ஏ, இ வகைகள் தாமாகவே இறங்குவதால் அந்தப் பெயரைப் பச்சிலை தட்டிச் செல்கிறது. கர்ப்பிணிகள் பச்சிலையை நம்பி நாலு நாள் கடத்திவிட்டு நினைவு தப்பிய நிலையில் கொண்டுவரப்படுவதைப் பார்க்கும் எங்களுக்கு, இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் பொறுமை போய்விடுகிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கல்லீரல் டானிக், வாந்தி மாத்திரை, ஆன்டிபயாடிக் எதுவும் கூடாது. காய்ச்சல் இருந்தால் பாராசிட்டமால்கூட மருத்துவரைக் கேட்டுத்தான்.

டி.டி.எஸ். மீட்டரை அலமாரியில் வைத்துவிடுங்கள். அது உப்பை மட்டுமே அளக்கும், கிருமியை அளக்காது. இந்தியத் தர நிர்ணயப்படி 500 வரை விரும்பத்தக்கது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை ஏற்கலாம். 640 ஒரு நோயல்ல. வெள்ளைப் படிவு சுண்ணாம்புச் சத்து. முடி கொட்டுவதற்கு ரத்தசோகையையும் தைராய்டையும் பாருங்கள். சிறுநீரகக் கல் பெரும்பாலும் தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்களைத்தான் தேடி வருகிறது. அந்த வீடியோவை மறந்துவிடுங்கள்.

கலப்பு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் தடுப்பது எளிது. தண்ணீர் விட்டு விட்டு வரும் ஊரில் குழாய் பல மணி நேரம் காலியாகக் கிடக்கிறது. பக்கத்தில் ஓடும் கழிவுநீர்க் குழாய் கசிந்தால், விரிசல் வழியே அது உள்ளே இறங்கும். குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து இழுத்தால் இன்னும் வேகமாக இறங்கும். உங்கள் வீட்டில் அப்படி வைத்திருந்தால் உடனே கழற்றுங்கள். குளோரின் வாடை வருகிறதே என்ற தைரியமும் வேண்டாம். 1955 இறுதியில் டெல்லியில் யமுனைக் குடிநீரில் சாக்கடை புகுந்தபோது கூடுதல் குளோரின் போட்டார்கள். டைஃபாய்டு கூடவில்லை, ஆனால் ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை வந்தது. அது இ வகை என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகே தெரிந்தது.

நாற்றமடிக்கும் நீரைக் காய்ச்சியும் மகளுக்குக் கொடுக்காதீர்கள். அது சரியாகும்வரை ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள கேன் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஒரு நிமிடம் தளதளவெனக் கொதித்தபின் ஆறவைத்துக் கொடுங்கள். குடிப்பதற்குக் கேன் வாங்கிவிட்டுப் பல் துலக்கவும் சட்னி அரைக்கவும் மோர் கரைக்கவும் குழாயைத் திறக்கும் வீடுகள் ஏராளம். கிருமிக்கு அந்த வழியே போதும். தரைத்தொட்டியை முழுக்கக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டபின் புது நீர் விடுங்கள். கழிவுநீர்த் தொட்டி பக்கத்தில் இருந்தால் சுவரில் விரிசல் உண்டா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

குடிநீர்ப் புகார் எண் 1916இல் இன்றே பதிவு செய்யுங்கள். தண்ணீர் மஞ்சளாக வருகிறது என்று மட்டும் சொல்லாமல், தெருவில் இரண்டு பேருக்குக் காமாலை இருப்பதையும் சொல்லுங்கள். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தெரிவித்தால் வீடு வீடாக வந்து பார்ப்பார்கள். அதற்கு முன், அந்தத் தெருவில் வேறு யாராவது கர்ப்பமாக இருந்தால் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள்.