மாலை கழற்றிய பிறகும் பச்சைத் தண்ணீர்க் குளியலைத் தொடரலாமா?

கேள்வி: எனக்கு வயது 38, கோவையில் இருக்கிறேன். இந்த முறை ஐயப்பனுக்கு மாலை போட்டு, ஒரு மண்டலமும் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில்தான் குளித்தேன். உடம்பு சுறுசுறுப்பாக இருந்தது, சளியும் பிடிக்கவில்லை. அதனால் மலைக்குப் போய் வந்த பிறகும் விட மனமில்லை. எதிர்ப்பு சக்தி கூடும், எடை குறையும் என்கிறார்களே, உண்மையா? என்னைப் பார்த்து அப்பாவும் ஆரம்பித்துவிட்டார். அவருக்கு 67 வயது. பி.பி., சர்க்கரை உண்டு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. தலையில் முதலில் தண்ணீர் ஊற்றினால் பக்கவாதம் வரும் என்று ஒரு வாட்ஸ்அப் தகவலும் சுற்றுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் தாராளமாகத் தொடருங்கள். அப்பா நாளையிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீருக்கு மாறட்டும். காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் எதிர்ப்பு சக்தி. இந்தப் பேச்சுக்கு எல்லோரும் ஆதாரமாகக் காட்டுவது 2016-இல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வு. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். அவர்களில் சிலர் வழக்கம்போல் வெந்நீரில் குளித்துவிட்டு, கடைசியில் 30, 60 அல்லது 90 வினாடி குளிர்ந்த ஷவரில் நிற்க வேண்டும். இப்படி 30 நாள். மற்றவர்கள் வழக்கம்போலவே குளித்தார்கள். குளிர்ந்த நீரில் நின்றவர்கள் உடம்பு சரியில்லை என்று வேலைக்கு எடுத்த லீவு 29 சதவீதம் குறைந்தது. இதுவரைதான் எல்லோரும் சொல்வார்கள். அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறது: உடம்பு சரியில்லாமல் இருந்த நாள்களின் எண்ணிக்கை குறையவில்லை. சளி, காய்ச்சல் அவர்களுக்கும் மற்றவர்களைப் போலத்தான் வந்தது, ஆனால் அதோடு வேலைக்குப் போய்விட்டார்கள். உடம்பு உண்மையிலேயே தெம்பாக இருந்ததா, 'இவ்வளவு குளிரையே தாங்கினோம், இது என்ன' என்ற தைரியமா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. 30 வினாடி நின்றவருக்கும் 90 வினாடி நின்றவருக்கும் வித்தியாசம் இல்லை என்பதையும் கவனியுங்கள். அதிக நேரம் நின்றால் அதிகப் பலன் என்று எதுவும் தெரியவில்லை.

உங்களுக்குச் சளி பிடிக்காததற்கு வேறு காரணங்கள் இருக்கலாம். விரத நாள்களில் நேரத்துக்குத் தூங்கியிருப்பீர்கள், புகையும் மதுவும் இருந்திருக்காது, வீட்டுச் சாப்பாடு. ஒரே சமயத்தில் இத்தனையும் மாறியிருக்கும்போது பெருமை முழுவதையும் தண்ணீருக்கே கொடுக்க முடியாது.

இன்னொன்று. நெதர்லாந்தில் குளிர்காலக் குழாய்த் தண்ணீர் 10-12 டிகிரி அளவில் வரும். கோவையில் மார்கழி விடியலில் கூட மாடி டேங்கில் இருக்கும் தண்ணீர் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். மே மாதச் சென்னையைக் கேட்கவே வேண்டாம், பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும். ஐஸ் தண்ணீர் ஆய்வுகளின் பலனை நம் ஊர்க் குளியலுக்கு அப்படியே ஒட்டவைக்க முடியாது. யூடியூபில் 'டோபமின் (உற்சாகத்தோடு தொடர்புடைய மூளை ரசாயனம்) 250 சதவீதம் ஏறும்' என்கிறார்களே, அது 14 டிகிரி தண்ணீரில் இளைஞர்களைக் கழுத்தளவு ஒரு மணி நேரம் உட்கார வைத்து எடுத்த கணக்கு. அளந்ததும் ரத்தத்தில்தான், மூளையில் இல்லை.

எடை குறையுமா? நம் தண்ணீரில் ஐந்து நிமிடக் குளியலுக்குக் குறையாது.

சரி, அந்தச் சுறுசுறுப்பு? அது நிஜம். முதல் சொம்பு முதுகில் விழும்போது 'ஹக்' என்று மூச்சு உள்ளே இழுக்கும், இதயம் வேகமெடுக்கும், தோலடி ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். உடம்பை உஷார்ப்படுத்தும் நார்அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்து தூக்கக் கலக்கம் போய்விடும். இந்த அதிர்ச்சி முதல் அரை நிமிடத்தில் உச்சத்தில் இருந்து, இரண்டு மூன்று நிமிடத்தில் தணியும். ஐந்தாறு முறை பழகினாலே இதன் வேகம் சுமார் பாதியாகக் குறைகிறது என்று இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முதல் வாரம் நடுங்கியவர்கள் அப்புறம் சரண கோஷத்தோடு அனாயாசமாகக் குளிப்பது இதனால்தான்.

உங்களுக்குப் புத்துணர்ச்சி தரும் அதே ஏற்றம்தான் அப்பாவுக்கு ஆபத்து. ரத்தக் குழாய்கள் சுருங்கும்போது இதயம் அதிகமாக உழைக்க வேண்டும், அதற்கு அதிக ரத்தமும் வேண்டும். ஸ்டென்ட் வைத்தது ஓர் அடைப்புக்குத்தான், மற்றக் குழாய்கள் எப்படி இருக்கின்றன என்பது வேறு விஷயம். போதாக்குறைக்கு, மாரடைப்பும் பக்கவாதமும் பொதுவாகவே காலை நேரத்தில் அதிகம் வருபவை. இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள், குளிரில் வீசிங் வருபவர்கள், குளிர்ந்த நீர் பட்டால் தோல் தடித்து அரிப்பவர்கள், விரல்கள் வெளுத்து மரத்துப்போகிறவர்கள் ஆகியோருக்கும் இதே ஆலோசனைதான்.

அடுத்த வருடம் அப்பாவும் மாலை போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்தால் விரதம் கெட்டுவிடுமோ என்று தயங்கினால், குருசாமியிடம் உடல்நிலையைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். உங்கள் வீட்டில் போர் (ஆழ்துளைக் கிணறு) இருந்தால் நடுவழி ஒன்றும் உண்டு. மாடி டேங்கில் ராத்திரி முழுக்கக் குளிர்ந்த தண்ணீரை எடுக்காமல், காலையில் மோட்டார் போட்டு நேராக வரும் தண்ணீரைப் பிடியுங்கள். நிலத்தடி நீரின் வெப்பம் வருடம் முழுக்க அதிகம் மாறாது, அதனால் மார்கழிக் காலையில் கிணற்று நீரும் போர் நீரும் கைக்கு வெதுவெதுப்பாகவே இருக்கும். அதுவும் போதாவிட்டால் ஒரு பாத்திரம் வெந்நீர் கலக்கலாம். ஆனால் சர்க்கரையால் அவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் காலை வைத்துச் சூடு பார்க்கக் கூடாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். முழங்கையால் பார்க்கட்டும், அல்லது நீங்கள் பார்த்துக் கொடுங்கள்.

அந்த வாட்ஸ்அப் தகவலில் பாதிக்குப் பாதி கற்பனை. தலையில் முதலில் ஊற்றியதால் மூளையில் ரத்தக் குழாய் வெடிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் காலில் ஆரம்பித்து மெல்ல மேலே ஊற்றினால் அந்த முதல் அதிர்ச்சி குறையும் என்பது சரிதான், செலவில்லாத பழக்கம், செய்யட்டும். அதைவிட முக்கியம், குளிக்கும்போது உள்தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். குளியலறையில் மயங்கி விழுந்தவரைக் கதவை உடைத்து எடுப்பதற்குள் போகும் நேரம் பெரிய நேரம்.

நீங்களும், குளிக்கும்போது அப்பாவுக்கு நெஞ்சு இறுக்கம், தாடை வலி, இடது கை கனம் என்று ஏதாவது வந்ததா என்று ஒரு முறை விசாரியுங்கள். இந்தத் தலைமுறை ஆட்கள் அதை 'வாயுப் பிடிப்பு' என்று பெருங்காயம் போட்டுச் சமாளித்துவிடுவார்கள். வந்திருந்தால் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காமல் உடனே இதய மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.