முட்டை குளிர்ந்திருந்தால் கூடு கைவிடப்பட்டதா?

வர்ஜீனியாவின் சவுத் ஆற்றங்கரையில் வைத்த கூடுப் பெட்டிகளில் மரத் தகைவிலான் பறவையின் முட்டைகள் குளிர்ந்து கிடக்கின்றன, பாதரசத்தால் கூடு கைவிடப்பட்டதாகப் பதிவு செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். இப்பறவை நாளுக்கு ஒரு முட்டைதான் இடும். பெரும்பாலும் நான்கு முதல் ஏழு முட்டைகள். எல்லாம் சேரும் தறுவாயில்தான் முறையாக அடைகாக்க உட்காரும். அதுவரை முட்டை குளிர்ந்துதான் இருக்கும். குளிர் நாட்களில் பறக்கும் பூச்சிகள் குறைந்தால் இடையில் ஒரு நாள் தவறுவதும் உண்டு.

பல நாள் எண்ணிக்கை கூடாமல், முட்டையும் குளிர்ந்தே இருந்தால் ‘கைவிடப்பட்டது’ என்று எழுதுங்கள். காரணத்தை மட்டும் எழுதாதீர்கள். வேய்ன்ஸ்பரோ ஊரிலிருந்த ஆலையின் பாதரசம் 1929 முதல் 1950 வரை அந்த ஆற்றில் கலந்தது உண்மைதான்; ஆனால் இரத்த மாதிரியும் மாசுபடாத ஆற்றோரப் பெட்டிகளுடன் ஒப்பீடும் இல்லாமல் பழியைப் பாதரசத்தின் மேல் போட முடியாது.